பேராசிரியர் பிரைட்லிங்கின் மௌனம்

பிரைட்லிங் ஜப்பானின் கனசாவா நகரத்துக்கு வந்து சேர இன்னும் நான்கே நாள் இருக்கும்போதுதான், தான் மொழிபெயர்த்த புத்தகத்தில் ஒரே ஒரு எழுத்தைத் தப்பாகப் படித்திருப்பது ஹதனாக்காவுக்குத் தெரிந்தது.

அந்த ஜெர்மன் தத்துவப் பேராசிரியர் முன்கூட்டியே அன்பளிப்பாக அனுப்பிய புதுப் பதிப்பு, பளிச்சென்ற அச்சு. முதல் பக்கத்தைப் பார்த்த ஹதனாக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ‘ஷ்டெல்லே’ என்றிருந்தது. இடம் என்று பொருள். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அவர் அதை ‘ஷ்டில்லே’ என்று படித்திருந்தார். மௌனம்.

போர் முடிந்த சமயம் அது. இரவல் புத்தகம், மங்கிய எழுத்து, ஒரு பக்கம் விரிசல் விட்ட கண்ணாடி. முதல் பக்கத்தில் மௌனம் என்று படித்த கண் கடைசிப் பக்கம்வரை அப்படியே படித்துக்கொண்டு போயிற்று. ‘தன் இடத்தை அறிந்தவனே மனிதன்’ என்று பிரைட்லிங் எழுதியதை ‘தன் மௌனத்தை அறிந்தவனே மனிதன்’ என்று ஜப்பானியில் தந்தார் ஹதனாக்கா. புத்தகம் சூடாக விற்றது.

விற்றதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஹதனாக்கா வேலைபார்த்த கல்லூரியின் மூத்த பேராசிரியர் குராமோச்சிக்கு ஜெர்மன் தெரியாது. சீன நூல்களில் கரைகண்டவர். அவர் அந்த மௌனத்தைப் பற்றியே மூன்று பாகம் எழுதினார். ‘மௌன ஆய்வு வட்டம்’ என்று ஒன்றையும் நிறுவினார். அதில் கூட்டம் தொடங்குமுன் இருபது நிமிடம் யாரும் பேசமாட்டார்கள். கூட்டம் நன்றாக அமைந்துவிட்டால் அதற்குப் பிறகும் பேசமாட்டார்கள். வரும் மார்ச்சில் குராமோச்சிக்கு ஓய்வு. அவரைக் கௌரவிக்கத்தான் பிரைட்லிங்கை அழைத்திருந்தார்கள்.

“போய் உள்ளதைச் சொல்லிடுங்க,” என்றாள் ஹதனாக்காவின் மனைவி தமாயே, நண்டுக் காலை உடைத்தபடி.

“சொன்னா அந்தப் பெரிய மனுஷன் பேரு போயிடுமேடி.”

“அந்த ஜெர்மன்காரர் மேடையில வந்து சொன்னா மட்டும் போகாதாக்கும்!”

மறுநாள் காலை ஹதனாக்கா குராமோச்சியின் அறைக்குப் போய் மண்டியிட்டு உட்கார்ந்தார்.  

“சென்சே,” என்றார், ஆசானை அழைக்கும் முறையில். “நான் வந்து...”

குராமோச்சி கையை உயர்த்தினார். “வேண்டாம். நீங்க உட்கார்ந்த விதத்துலயே புரிஞ்சுக்கிட்டேன்.”

“புரிஞ்சிடுச்சா?”

“மேடையில மொழிபெயர்க்க டோக்கியோவிலேருந்து ஆள் வருதுன்னு கேள்விப்பட்டு நொந்துபோயிருக்கீங்க. தப்பு என்மேலதான். அந்த ஆளை இப்பவே வேண்டாம்னு சொல்லிடறேன். நீங்கதான் மேடையில நிக்கணும்.”

வெளியே மழையில் நனைந்துகொண்டே வந்த ஹதனாக்காவுக்கு, இதுவும் நல்லதற்குத்தான் என்று தோன்றியது. பிரைட்லிங் ‘இடம்’ என்னும்போதெல்லாம் நாம் ‘மௌனம்’ என்று சொல்லிவிட்டால் போயிற்று. இரண்டு நாள் சமாளித்தால் ரயில் ஏறிவிடுவார்.

பிரைட்லிங் ரயிலிலிருந்து பேசிக்கொண்டேதான் இறங்கினார். ஆறடி உயரம், அதற்கேற்ற தொண்டை. பின்னால் அவருடைய மேல்கோட்டு, குடை, மாத்திரை டப்பா எல்லாவற்றையும் சுமந்துகொண்டு அவர் மனைவி வால்புர்கா. அந்த அம்மாள் வாயே திறக்கவில்லை. திறக்க வாய்ப்பும் இல்லை.

விருந்தில் பிரைட்லிங் நாற்பது நிமிடம் மூச்சு விடாமல் பேசிவிட்டு, கைகளை விரித்தார். “அற்புதமான இடம்! இப்படியொரு இடத்தை நான் பார்த்ததே இல்லை!”

“அற்புதமான மௌனமாம், சென்சே,” என்றார் ஹதனாக்கா. “இப்படியொரு மௌனத்தை அவர் பார்த்ததே இல்லையாம்.”

குராமோச்சி உருகிப்போய்த் தலை வணங்கிக் கண்களை மூடிக்கொண்டார்.

“என்ன, தூங்கிட்டாரா?” என்று கேட்டார் பிரைட்லிங்.

“உங்க கருத்துல மூழ்கிட்டார்.”

“பிரமாதம்! அப்போ அவருக்கு இன்னொண்ணும் சொல்லணும்,” என்று பிரைட்லிங் அடுத்த ஒரு மணி நேரத்தைத் தொடங்கினார்.

நடுவில் குராமோச்சி மெல்லச் சாய்ந்து கேட்டார். “மௌனத்தைப் பத்தி இவ்வளவு பேசறாரே?”

ஹதனாக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அது... உள்ள இருக்கற பேச்சையெல்லாம் கொட்டித் தீர்த்தாத்தான் மௌனம் வரும்ங்கறது அவர் கட்சி, சென்சே.”

“அடடே!” என்று குராமோச்சி குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டார். நாலாவது பாகம் தயாராகிவிட்டது என்று ஹதனாக்காவுக்குத் தெரிந்தது.

மறுநாள் மண்டபம் நிரம்பி வழிந்தது. பள்ளி ஆசிரியர்கள், பிக்குகள், தபால் அலுவலகத்தார். பிரைட்லிங் கரும்பலகையில் ஒரு நாற்காலி வரைந்து, “இதுதான் இடம்!” என்று முழங்கினார்.

“இதுதான் மௌனம்,” என்றார் ஹதனாக்கா.

முந்நூறு பேரும் தத்தம் நோட்டில் நாற்காலி வரைந்தார்கள்.

“இப்போ எல்லாரும் எழுந்து உங்க இடத்தை மாத்திக்குங்க!”

ஹதனாக்கா சபையின் பக்கம் திரும்பினார். “எல்லாரும் உங்க மௌனத்தை... மாத்திக்கணுமாம்.”

ஒருவரும் அசையவில்லை. இருந்த மௌனத்திலிருந்து இன்னும் ஆழமான ஒன்றுக்கு இறங்கினார்கள்.

“பார்த்தீங்களா!” பிரைட்லிங் மேசையைத் தட்டினார். “ஜெர்மனியில இதைச் சொன்னா அத்தனை பேரும் எழுந்து ஓடறாங்க. தன் இடத்தை விடமாட்டேன்னு உட்கார்ந்திருக்கறது நீங்க மட்டும்தான்!”

பிழைத்துவிட்டோம் என்று ஹதனாக்கா மூச்சு விட்டார். அப்போது மூன்றாவது வரிசையில் ஒரு கை உயர்ந்தது. ஜெர்மனியில் இரண்டு வருடம் படித்துவிட்டு அந்த வாரம்தான் ஊர் திரும்பியிருந்த செகாவா என்ற இளம் ஆசிரியை. எழுந்து நின்று சுத்தமான ஜெர்மனில் கேட்டாள்.

“ஐயா, ரெண்டு மணி நேரமா நீங்க இடத்தைப் பத்திப் பேசறீங்க. இங்க எல்லார் கையிலயும் இருக்கற புத்தகத்துல அது மௌனம்னு இருக்கு. எது சரி?”

பிரைட்லிங் மெதுவாக ஹதனாக்காவின் பக்கம் திரும்பினார். “மௌனம்னா போட்டிருக்கீங்க? புத்தகம் முழுக்கவா?”

“முழுக்க,” என்றார் ஹதனாக்கா. அவருக்கே கேட்கவில்லை.

பிரைட்லிங்கின் வாய் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது. ஒரு நிமிடம் ஆயிற்று, இரண்டு நிமிடம் ஆயிற்று. அந்தப் பெரிய உடம்பு மேடையில் சும்மா நின்றது. கேள்வி என்னவென்று சபைக்குத் தெரியாது. எதிர்பார்த்திருந்தது கடைசியில் வந்துவிட்டது என்று மட்டும் புரிந்தது. குராமோச்சி எழுந்து இடுப்பு மடிய வணங்கினார். மண்டபமே எழுந்து வணங்கியது. பிரைட்லிங் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தானும் கோணலாக ஒரு வணக்கம் போட்டுவிட்டு இறங்கி வெளியே நடந்தார்.

ராஜினாமாக் கடிதத்தின் முதல் வரியை மனதில் எழுதிக்கொண்டே ஹதனாக்கா மேடைக்குப் பின்னால் ஓடினார். அங்கே வால்புர்கா அம்மாள் மட்டும் மேல்கோட்டை மடித்துக்கொண்டிருந்தார்.

“அவர் எங்கம்மா?”

“மழையில நடக்கப் போயிருக்கார். தனியா.”

“எல்லாம் என் தப்பு. ரொம்பக் கோபமா இருப்பார். நாளைக்கே பத்திரிகையில திருத்தம் போட்டுடறேன்.”

“ஐயையோ, திருத்தமெல்லாம் போடாதீங்க!” அம்மாள் கோட்டைக் கீழே போட்டார். “அச்சான புத்தகத்துல இடம்னு இருந்ததாலதான் பெர்லின்ல அவருக்குப் பரிசும் குடுத்து வேலையும் குடுத்தாங்க, அதனால முப்பது வருஷமா வெளிய சொல்ல முடியாம இருந்தார். அவர் எழுதினது மௌனம்தான். கல்யாணமான புதுசுல, அவர் கையெழுத்து பிடிபடாம, நான்தான் முழுக்க இடம்னு டைப் அடிச்சுட்டேன்.”