டிவிக்குப் பின்னால் ஒரு நாகம்

கள்ளிக்காட்டுப்புதூர் கல்யாண மண்டபத்தில் கல்யாணத்துக்குக்கூட அத்தனை செருப்பு சேர்ந்ததில்லை. அன்று முகூர்த்தமும் இல்லை, பந்தியும் இல்லை. ஆனாலும் கூட்டம் வாசலைத் தாண்டி சேந்தமங்கலம் ரோடு வரைக்கும் நின்றது. எடப்பாடியிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே குறை. பிள்ளை இல்லை, பெண் அமையவில்லை, போர் போட்டும் தண்ணீர் வரவில்லை என்பதெல்லாம் பழைய குறைகள். இவர்கள் வீட்டு டிவியில் படம் தெளிவாகத் தெரியவில்லை.

அந்தக் குறையைத் தீர்க்கத்தான் ஸ்ரீலஸ்ரீ தெளிவானந்தா சுவாமிகள் எழுந்தருளியிருந்தார். காவி வேட்டி, காவித் துண்டு, கழுத்தில் ருத்திராட்சம், இடுப்பில் ஒரு ஸ்க்ரூ டிரைவர். ஸ்க்ரூ டிரைவரைப் பெரும்பாலோர் கவனிக்கவில்லை. கவனித்த இரண்டொருவரும் அது சூலத்தின் சிறிய வடிவம் என்று பக்கத்தில் நின்றவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்கள்.

சுவாமிகள் வந்தவரின் முகத்தைப் பார்ப்பார். கண்ணை மூடுவார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொல்வார்:

"உங்க வீட்ல ரெண்டு தலைக் கருநாகம் ஒண்ணு சுருண்டு கிடக்குது. புதுப் பெட்டி வந்த அன்னைக்கே அதுவும் கூட வந்துது. அதுதான் படத்தை மறைக்குது."

வீட்டுக்கு ஓடிப்போய்த் தேடினால் சொல்லிவைத்தாற்போல் இருக்கும். செட்டாப் பாக்ஸ் வந்த அட்டைக்குள்ளேயே, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல், கறுப்பாக, வளையமாக, இரண்டு முனையிலும் தட்டைத் தலையோடு. பார்த்தவர்களுக்கு உடம்பு சிலிர்த்துவிடும். சாமிக்கு எப்படித் தெரிந்தது? ஊரில் எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரிப் பெட்டிதான் வந்தது, எல்லா அட்டைக்குள்ளும் அது ஒன்று இருந்தது என்று யோசிக்க யாருக்கும் நேரமில்லை. சிலிர்ப்பதற்கே நேரம் சரியாக இருந்தது.

பிறகு சுவாமிகள் வீட்டுக்கு வருவார். டிவி மேல் மஞ்சள் துணியைப் போர்த்துவார். எல்லோரையும் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, நாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு டிவிக்குப் பின்னால் போவார். கொஞ்ச நேரம் முணுமுணுப்பு கேட்கும். வெளியே வந்து டிவியின் நெற்றியில் ஒரு செப்புத் தகட்டை ஒட்டித் துணியை உருவுவார். படம் பளிச்சென்று தெரியும். பொய் சொல்லக் கூடாது, நிஜமாகவே தெரியும். நாகத்தைப் பின்னால் கட்டியிருக்கிறேன், எட்டிப் பார்த்தவர்களுக்குக் கண் போய்விடும் என்று எச்சரித்துவிட்டுக் காணிக்கையை வாங்கிக்கொள்வார். ஐயாயிரம் ரூபாய், கூடவே ஓர் அட்டை முட்டை. முட்டை நாகத்துக்காம். நாகம் அதைத் தின்று யாரும் பார்த்ததில்லை. சுவாமிகள் ஆம்லெட் சாப்பிட்டதைப் பார்த்தவர்கள் உண்டு.

ஊரில் முதலில் தகடு ஒட்டிக்கொண்டவர் டீக்கடை ராசு. அவர் வீட்டு டிவியில் கிரிக்கெட் பார்த்தால் ஆட்டக்காரர்களின் தாடி மயிரை எண்ணிவிடலாம் என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். நாலு பேர் எண்ணியும் பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் மண்டபம் நிறைந்தது.

ராசுவுக்குப் பக்கத்து வீடு சௌந்திரத்தின் வீடு. கணவர் பெயர் சென்னிமலை. போர்வெல் லாரியோடு வடநாட்டுக்குப் போனால் வருசத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். ஒரே மகள் தனப்பிரியா கபடி ஆடுகிறாள். டிவியில் காட்டுகிற அளவுக்கு ஆடுகிறாள். அவளைப் பார்ப்பதற்காகத்தான் சென்னிமலை பெரிய டிவி வாங்கினார், எச்டி பெட்டியும் வாங்கினார். வாங்கி என்ன, படம் சோறு வடித்த கஞ்சி மாதிரிதான் இருந்தது. போன ஆட்டத்தில் சௌந்திரம் மகளுக்குக் கற்பூரம் காட்டித் திருஷ்டி கழித்தாள். ஆட்டம் முடிந்து போனில் பேசும்போதுதான் தெரிந்தது, அந்த நேரத்தில் தனப்பிரியா களத்திலேயே இல்லை, ஓரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சௌந்திரம் திருஷ்டி கழித்தது யார் பெற்ற பிள்ளைக்கோ. அன்று இரவெல்லாம் அவள் அழுதாள். பெற்ற பெண்ணை அடையாளம் தெரியாத தாயும் உண்டா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அடுத்த ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். சுவாமிகள் கொடுத்த டோக்கனோ வியாழக்கிழமைக்கு. முன்னாலேயே வேண்டும் என்றால் அவசரப் பூசை, காணிக்கை இரட்டிப்பு. சௌந்திரம் யோசிக்கவே இல்லை. ராசு வீட்டில் போய் நின்று மகளுக்குக் கற்பூரம் காட்ட முடியுமா? ஞாயிறு மத்தியானம் காதில் இருந்த தோட்டைக் கழற்றி அடகு வைக்கக் கிளம்பிவிட்டாள்.

வாசலில் மறித்து நின்றவள் பாவாயி. சென்னிமலையின் அக்கா. அவளுக்குப் பகுத்தறிவு என்றால் என்னவென்று தெரியாது. சிக்கனம் தெரியும். சந்தையில் ஒரு தேங்காய் வாங்குவதற்குப் பத்துத் தேங்காயைத் தட்டிப் பார்ப்பாள். ஆட்டுக்காரர்கள் அவளைத் தூரத்தில் கண்டாலே ஆட்டின் வாயைத் தாங்களே திறந்து பல்லைக் காட்டிவிடுவார்கள். எதையும் சோதிக்காமல் வாங்கமாட்டாள். அதைவிட முக்கியம், இரவல் கிடைக்கிற எதையும் காசு கொடுத்து வாங்கவேமாட்டாள்.

"ராசு ஊட்லதான் தகடு இருக்குதே" என்றாள். "ஏணி இரவல் வாங்கறோம், கடப்பாரை இரவல் வாங்கறோம். ஒரு மேட்சுக்குத் தகடு இரவல் குடுக்க மாட்டானா?"

ராசு மாட்டேன் என்றார். தகட்டை எடுத்தால் டிவி இருண்டுவிடும் என்று சாமி சொல்லியிருக்கிறாராம். பாவாயி வாக்குவாதம் செய்யவில்லை. போன பொங்கலுக்கு எங்களிடம் இரவல் வாங்கிய ஏணி இன்னும் உன் வீட்டில்தான் இருக்கிறது என்று மட்டும் நினைவுபடுத்தினாள். ராசு முகத்தைத் திருப்பிக்கொண்டு சம்மதித்தார்.

தகடு இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பில் ஒட்டியிருந்தது. தெய்வ சக்திக்கும் டேப் தேவைப்படுகிறது. பாவாயி நகத்தை விட்டு நெம்பி எடுத்தாள். ராசு கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். திறந்து பார்த்தால் தாடி அப்படியே இருந்தது. ஒரு மயிர் குறையவில்லை. தொட்டியில் தண்ணீர் நிற்பதுபோல உள்ளே கொஞ்சம் சக்தி தங்கியிருக்கும், போகப் போகத்தான் வடியும் என்று ராசு தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

சௌந்திரத்தின் டிவியில் தகட்டை நெற்றியில் ஒட்டினார்கள். கஞ்சிதான். கீழே ஒட்டினார்கள், ரிமோட்டில் ஒட்டினார்கள். கஞ்சிதான். இதற்குள் மண்டபத்துக் கூட்டத்தில் பாதி இங்கே வந்துவிட்டது. கிழக்கு பார்த்து வைக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். வைத்தார்கள். இனிமேல் அந்த டிவியை அடுப்படியில் நின்றுதான் பார்க்க முடியும் என்று ஆனது. படம் மட்டும் தெளியவில்லை.

சேதி கேட்டுச் சுவாமிகளே நேரில் வந்தார். கூட்டம் விலகி வழிவிட்டது. தகடு அந்த வீட்டு நட்சத்திரத்துக்குக் கட்டியது, இந்த வீட்டில் பலிக்காது என்று சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டாதது பாவாயி ஒருத்திதான்.

"நட்சத்திரமெல்லாம் இருக்கட்டுமுங்க சாமி. தகட்டை எடுத்தும் ராசு டிவி நல்லாத்தானே ஓடுது. அப்பத் தகடு எதுக்குங்க?"

"அங்க நாகத்தைக் கட்டி வெச்சிருக்கேன். அதோட சக்தி."

"அப்ப வேலை செய்யறது பாம்பு. தகடு சும்மா" என்று கணக்கை முடித்துவிட்டு, அவள் ராசு வீட்டுக்கு நடந்தாள். டிவிக்குப் பின்னால் தலையை நீட்டப் போனவளைக் கண் போய்விடும் என்று நாலு பேர் தடுத்தார்கள். தனக்கு ஒரு கண்ணில் ஏற்கெனவே பொரை விழுந்திருக்கிறது, அந்தக் கண்ணால் பார்த்துக்கொள்கிறேன், போனால் நட்டமில்லை என்றாள். பொரை விழுந்த கண்ணில் ஒன்றும் தெரியவில்லை. அதனால் நல்ல கண்ணாலும் பார்த்தாள். இரண்டும் பத்திரமாக இருந்தன.

திரும்பி வந்தவள் முகத்தில் கோபமில்லை, யோசனைதான் இருந்தது.

"பாம்பு ஒரு தலையைப் பெட்டிக்குள்ளயும் ஒரு தலையை டிவிக்குள்ளயும் உட்டுட்டுக் கெடக்குது சௌந்திரம். இதே பாம்புலதான் நான் விருந்தாளி மெத்தையச் சுருட்டிக் கட்டியிருக்கறேன்."

நடந்தது இதுதான். புதுப் பெட்டி வந்தபோது பழைய குண்டு டிவி காலத்து மூன்று கலர் ஒயர், சிவப்பு, வெள்ளை, மஞ்சள், நல்ல நிலையில் இருந்தது. நல்ல ஒயரைத் தூக்கி எறிய பாவாயிக்கு மனசு வரவில்லை. பழையதையே சொருகச் சொல்லிவிட்டுப் பெட்டியோடு வந்த புதிய கறுப்பு ஒயரை வேறு காரியத்துக்கு எடுத்து வைத்தாள். ஊரில் மற்றவர்களும் அப்படித்தான். எச்டிக்கு மாசாமாசம் கூடுதலாகப் பணம் கட்டினார்கள், அது வந்து சேருகிற ஒயரை மட்டும் உறை பிரிக்காமல் பாதுகாத்தார்கள்.

பாவாயி மெத்தையை அவிழ்த்தாள். மூன்று கலர் ஒயரைப் பிடுங்கினாள். ராசு வீட்டில் பார்த்தபடியே இரண்டு தலையையும் சொருகினாள்.

டிவி கறுப்பாகிவிட்டது. படமும் இல்லை, சத்தமும் இல்லை. ராசு வீட்டு டிவியில் ஆட்டம் தொடங்கிய விசில் சத்தம் இங்கே கேட்டது. சௌந்திரம் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"கலங்கலா இருந்தாலும் எம்புள்ள அதுக்குள்ள இருந்தா நங்கையா. இப்ப அதுவும் போச்சு" என்று நாத்தனாரைப் பார்த்து வாய்விட்டு அழுதாள்.

கூட்டத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நாகத்தைச் சீண்டினால் சும்மா விடுமா? இரண்டு பேர் சுவாமிகளின் காலில் விழுந்தேவிட்டார்கள். சுவாமிகள் ஜெயித்துவிட்டார். பேசாமல் திரும்பி நடந்திருந்தால் அடுத்த வாரம் இரண்டு மண்டபம் பிடித்திருக்கலாம்.

ஆனால் அவர் சௌந்திரத்தைப் பார்த்தார். கறுப்பாக நின்ற டிவியையும் பார்த்தார். பல வருசத்துத் தொழில் பழக்கம். அவர் கை இடுப்பு ஸ்க்ரூ டிரைவருக்குப் போய்த் திரும்பியது.

"அழாதீங்கம்மா. ரிமோட்ல சோர்ஸ்னு ஒரு பட்டன் இருக்கும். அதை அமுக்கி எச்டிஎம்ஐ ஒண்ணுன்னு வைங்க. சேனல் நம்பரையும் மாத்தணும். அதே சேனல் எச்டில வேற நம்பர்ல வரும்."

சோர்ஸ் என்பது எந்தத் தேவதையின் மந்திரம் என்று காலில் விழுந்தவர்களில் ஒருவர் எழுந்து கேட்டார். ராசு பட்டனை அமுக்கினார், நம்பரை மாற்றினார்.

படம் வந்தது. சாக்கட்டி மாவு பூசிய கைகள் தெரிந்தன. கோடு தெரிந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் தனப்பிரியா குனிந்து நின்றாள். தாடையில் சின்ன வயசில் விழுந்து கீறிய தழும்பு, மேலுதட்டில் வேர்வை, கழுத்தில் கறுப்புக் கயிறு. சௌந்திரம் தவழ்ந்து போய் டிவியைத் தொட்டாள். அழுகை நிற்கவில்லை, ஆனால் இது வேறு அழுகை. பக்கத்தில் நின்ற உயரமான பெண்ணைக் கண்டதும், போன தடவை கற்பூரம் காட்டியது இவளுக்குத்தான் என்று சிரிக்கவும் செய்தாள். அவளும் நல்லாயிருக்கட்டும் என்றாள்.

கூட்டம் மெல்லச் சுவாமிகள் பக்கம் திரும்பியது. பாவாயிதான் கேட்டாள்.

"ஏனுங்க சாமி, எந்தூருங்க நீங்க?"

அயோத்தியாப்பட்டணம். பெயர் குணசீலன். அங்கே வீடு வீடாகப் பெட்டி மாட்டிக்கொண்டிருந்தவர்.

"பத்து வருசம் இதே ஒயரைக் கையில வெச்சுக்கிட்டு வீடு வீடாச் சொன்னேன்மா. இதைச் சொருகுங்க, படம் நல்லா வரும்னு. பழசே நல்லாத்தான் இருக்கு, நீ போப்பான்னாங்க. ஒருத்தர் தண்ணி குடிக்கிறியான்னு கேட்டதில்ல. இதையே பாம்புன்னு சொன்னேன். சாமின்னு கும்பிட்டாங்க."

சில பேர் கையை ஓங்கினார்கள், உண்மையைச் சொன்னதற்கா பொய்யைச் சொன்னதற்கா என்று அவர்களுக்கே தெளிவில்லை. பாவாயி தடுத்துவிட்டாள். அடித்தால் வேலை கெடும் என்பது அவள் கவலை. வாங்கிய காணிக்கையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், டோக்கன் வாங்கிய வீடுகளுக்கெல்லாம் சும்மாவே சொருகிக் கொடுக்க வேண்டும், இதுதான் தீர்ப்பு. முட்டையைத் திருப்பித் தர வழியில்லை என்று குணசீலன் பணிவாகத் தெரிவித்தார்.

அன்றைக்கே ஊர் முழுக்க எச்டி வந்தது. காவியைக் கழற்றி வைத்துவிட்டு வீடு வீடாக ஏறி இறங்கியவருக்கு, சௌந்திரம் தவிர ஒருவரும் டீ கொடுக்கவில்லை. சாமியாக வந்தால் அட்டை முட்டை, ஆளாக வந்தால் பச்சைத் தண்ணீர்கூட இல்லை.

ராசு மறுநாள் அந்தத் தகட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய் டிவி நெற்றியில் ஒட்டிவிட்டார். எதற்கு என்று கேட்டதற்கு, இருந்துவிட்டுப் போகட்டும், அதுபாட்டுக்கு இருக்கிறது என்றார். ஏணி இன்னும் அவர் வீட்டில்தான் இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் படம் தெளிவில்லையா? அட்டைப் பெட்டிக்குள் அந்த நாகத்தைத் தேடிப் பாருங்கள், இல்லாவிட்டால் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். யாராவது எதையாவது துணி போட்டு மூடிவிட்டுக் கண்ணையும் மூடிக்கொள்ளச் சொன்னால், பின்னால் ஒருமுறை எட்டிப் பாருங்கள். கண் போகாது. பார்க்காமல் இருந்ததால்தான் இத்தனை நாள் போயிருந்தது.