அவுஸ்திரேலியனுக்குச் சோறு போட்ட கதை

ஒரு மனிதனுடைய பிழைப்பைக் கெடுக்க எத்தனையோ வழிகள் இருக்கின்றன. மொட்டைக் கடிதம் போடலாம். செய்வினை வைக்கலாம். மேலதிகாரியிடம் போய்க் கோள் மூட்டலாம். நாங்கள் சோறு போட்டோம். அதுவும் முழு அன்போடு, அப்பளம் பொரித்துப் போட்டோம்.

கெட்டுப்போனது கெவின் என்ற அவுஸ்திரேலியனின் பிழைப்பு. அவன் தொழில்முறைக் கூடைப்பந்து வீரன். எண்பதுகளின் நடுப்பகுதியில், டோர்ட்மண்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறு நகரத்தில் (பெயர் வேண்டாம், அங்கிருந்த கூடைப்பந்துக் கழகத்தில் என்னை இன்னமும் ஞாபகம் வைத்திருப்பவர்கள் இருக்கலாம்) நான் அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு, வேலை செய்ய அனுமதியில்லாமல், ஹைமில் கட்டிலில் கிடந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹைம் என்றால் அகதிகளுக்குக் கொடுத்த விடுதி. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. உலகத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்ற நம்பிக்கையும் இருந்தது.

கெவினை நான் முதலில் பார்த்தது வெளிநாட்டவர் அலுவலகத்தின் நடைபாதையில். அவனுக்கும் அங்கேதான் விசா. கதிரையில் அவன் உட்கார்ந்தால் முழங்கால்கள் எதிர்ச்சுவரைத் தொட்டன. போகிறவர்களும் வருகிறவர்களும் அவனைத் தாண்டித்தான் போனார்கள். ஒவ்வொருவரிடமும் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு ஜேர்மன் ஒரு சொல்லும் தெரியாது. எனக்கோ, ஊரில் வாத்திமாரிடம் அடி வாங்கிப் படித்த ஆங்கிலத்தைப் பேசிக்காட்ட ஜேர்மனி முழுக்கத் தேடியும் ஆள் கிடைக்காமல் இருந்தது. பக்கத்தில் போய் இருந்துவிட்டேன்.

"கூடைப்பந்து தெரியுமா?" என்று கேட்டான்.

"கல்லூரி அணிக்கு விளையாடியவன்" என்றேன்.

(உண்மையில், பக்கத்துப் பெண்கள் கல்லூரியில் வலைப்பந்து நடக்கும்போது மதிலால் எட்டிப் பார்த்திருக்கிறேன். ஒரு முறை காவலாளி துரத்தியதில் ஒரு செருப்பையும் இழந்திருக்கிறேன். விளையாட்டோடு எனக்கிருந்த தொடர்பு அவ்வளவுதான்.)

அடுத்த கிழமையே நான் கெவின் விளையாடிய அந்தக் கழகத்தின் மொழிபெயர்ப்பாளன் ஆகிவிட்டேன். சம்பளம் கிடையாது, கிடைத்தாலும் வாங்கக்கூடாது. கோப்பியும், மைதான ஓரத்தில் அணியின் நீள வாங்கில் உட்காருகிற உரிமையும் தந்தார்கள். பயிற்சியாளர் ஹெர் புரூக்மன், இடைவேளைகளில் பலகையில் வட்டமும் அம்பும் கீறி, நெற்றி நரம்பு புடைக்க ஒரு நிமிடம் பேசுவார். பேசி முடிந்ததும் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். நான் கெவினிடம், "கொஞ்சம் வேகமாக ஓடட்டாம்" என்பேன். கெவின் ஓடுவான். அந்தப் பருவத்தில் அவன் எதிர்பார்த்த அளவுக்குச் சோபிக்கவில்லை என்று உள்ளூர்ப் பத்திரிகை எழுதியது. காரணம் யாருக்கும் விளங்கவில்லை.

கெவினின் கதை பெரிய கதையல்ல. ஊரில் கிழமை நாட்களில் ஒரு கடையில் பெயின்ட் கலந்து விற்றான், சனி ஞாயிறுகளில் பந்து விளையாடினான். விளையாடுவதற்கு மட்டும் ஒருவர் சம்பளம் தருவது அவன் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. அணிக்கு ஒரேயொரு வெளிநாட்டு வீரனைத்தான் வைத்திருக்கலாம். அந்த இடம் அவனுக்கு இன்னொரு வருடம் உண்டா இல்லையா என்பதைப் பருவத்தின் கடைசி ஆட்டத்தைப் பார்த்துவிட்டுக் கழகத் தலைவர் முடிவுசெய்வார். ஒப்பந்தம் இல்லையென்றால் விசாவும் இல்லை. "திரும்பிப் போனால் பெயின்ட்தான்" என்றான் ஒரு நாள். அதைச் சொன்னபோது அவன் முகத்தைப் பார்க்க எனக்கு மனம் கஷ்டப்பட்டது. ஒரு அலுவலகம் என்ன சொல்லப்போகிறதோ என்று காத்திருப்பது எப்படியிருக்கும் என்று எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

இதையெல்லாம் நான் ராணி அக்காவிடம் போய்ச் சொன்னேன். அங்கேதான் வந்தது வினை.

ராணி அக்காவும் அவர் கணவர் பரமேஸ் அண்ணையும் ஹைமில் எங்கள் மாடியில் இருந்தார்கள். தனியாக வந்த பொடியன்கள் எல்லோருக்கும் அக்காதான் தாய், பொலிஸ், நீதிமன்றம். நான் சொன்னதில் அக்கா ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பிள்ளை தனிய இருந்து என்னத்தைச் சாப்பிடுறான்?"

"பாணும் சொசேச்சும் அக்கா."

"ஐயோ! பாணைத் திண்டுட்டே பந்தடிக்கிறான்? பிறகு எப்பிடி வெல்லுறது? சனிக்கிழமை மத்தியானம் பொது அடுப்பு எங்கடை முறை. கூட்டிக்கொண்டு வா."

"அக்கா, சனிக்கிழமை பின்னேரம்தான் கடைசி மட்ச்."

"அதுக்காகத்தான் சொல்லுறன். வெறுவயித்தோடை ஓட ஏலுமே?"

ஹெர் புரூக்மன் வெள்ளிக்கிழமை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நாளைக்கு மூன்று மணிக்குக் கெவினை மண்டபத்தில் கொண்டுவந்து சேர்ப்பது என் பொறுப்பு என்றார். மத்தியானம் அவன் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டால் போதும் என்றும் சொன்னார். நான் "ஓம், ஓம்" என்று தலையாட்டினேன். வாழைப்பழத்தை ஒரு சாப்பாடாக நினைக்கிற ஒரு இனத்தின் மேல் எனக்கு அன்று பரிதாபம்தான் வந்தது.

சனிக்கிழமை கெவின் குனிந்து அக்காவின் அறைக்குள் வந்து கட்டிலில் இருந்தான். பரமேஸ் அண்ணை ஊரில் கரப்பந்து விளையாடியவர். அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உவர் எங்கடை பக்கம் நிண்டிருந்தால் ஒரு கிளப்பும் எங்களை அடிச்சிருக்கேலாது" என்று பெருமூச்சு விட்டார். அக்கா சோறு, கோழிக்கறி, பருப்பு, உருளைக்கிழங்குப் பிரட்டல், லீக்ஸ் வறை, அப்பளம் எல்லாம் வைத்துக் கோப்பையை நீட்டினார். (கோப்பை என்றால் எங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு. தமிழ்நாட்டு நண்பர்கள் தேநீரை நினைத்துக் குழம்ப வேண்டாம்.)

கெவின் சாப்பிட்டான். மூக்கு ஒழுகியது, காது சிவந்தது, நெற்றி வியர்த்தது. ஆனாலும் கோப்பையை வழித்துத் துடைத்து, கழுவி வைத்ததுபோல ஆக்கிவிட்டு நிமிர்ந்தான்.

"பாவம், என்ன பசியோ" என்று அக்கா இன்னொரு கோப்பை நிறையப் போட்டார்.

அதையும் முடித்தான். பரமேஸ் அண்ணை என்னிடம், "நல்ல வளர்ப்பு. பார், ஒரு பருக்கை மிச்சமில்லை" என்றார். அக்கா மூன்றாவது முறை அகப்பையை எடுத்தபோது கெவின் என் பக்கம் சாய்ந்து, "அருமையான சாப்பாடு. எனக்குப் போதும் என்று அவரிடம் சொல்" என்றான்.

அவன் சொன்னது எனக்குத் தெளிவாக விளங்கியது. ஆனால் எங்கள் வழக்கத்தில் விருந்தாளி முதல்முறை சொல்லும் "போதும்" ஒரு செய்தியே அல்ல, அது மரியாதை. இரண்டாவது "போதும்" பேச்சுக்கு. மூன்றாவது முறை கோப்பைக்கு மேலே கையை விரித்து மறித்தால்தான் யோசிக்கத் தொடங்குவோம். அப்போதும் விரல் இடுக்கால் ஒரு கரண்டி போகும்.

"என்னவாம்?" என்றார் அக்கா.

"கூச்சப்படுறான் அக்கா."

மூன்றாவது கோப்பை நிறைந்தது. கெவின் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு அதையும் காலியாக்கினான். பிறகு பியர் குவளையில் சவ்வரிசிப் பாயாசம் வந்தது. குவளை காலியானதும் மறுபடி நிறைந்தது. கடைசியில் அக்கா ஒரு வாழைப்பழத்தை உரித்து அவன் கையில் கொடுத்தார்.

மூன்று மணிக்கு ஹெர் புரூக்மன் வாசலிலேயே நின்றார். "வாழைப்பழம் சாப்பிட்டானா?" என்றார்.

"சாப்பிட்டான்" என்றேன். அதில் ஒரு பொய்யும் இல்லை.

ஆட்டம் தொடங்கியது. மற்ற ஒன்பது பேரும் ஓடினார்கள். கெவின் நின்றான். பந்து அவனிடம் வந்தால் அதைக் கைக்குழந்தையைப் போல வாங்கி அடுத்தவனிடம் பக்குவமாகக் கொடுத்தான். ஒரு தடவை பாய்ந்தான். அவனுடைய சப்பாத்துக்கும் தரைக்கும் இடையில் ஒரு தாள் போயிருக்கும். தலைவர் மேல்வரிசையில் கைகளைக் கட்டிக்கொண்டு இருந்தார். இடைவேளையில் ஹெர் புரூக்மன் நீளமாகப் பேசினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "கொஞ்சம் வேகமாக..." என்று தொடங்கினேன். கெவின் தலையை முழங்கால்களுக்கு இடையில் வைத்துக்கொண்டு, "தயவுசெய்து சொல்லாதே" என்றான்.

ஹைமே திரண்டு வந்து எங்கள் வாங்குக்குப் பின்வரிசையில் இருந்தது. அக்கா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"செமிக்கேல்லைப் போலை. நான் ரசம் கொண்டு வந்தனான்."

"அக்கா, இப்ப ஏலாது. இருங்கோ!"

அதற்குள் விசில் ஊதி ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டது. கெவின் மறுகோடியில் கூடைக்குக் கீழே நின்றான். அக்கா ஒரு கையில் ரசம் ஊற்றிவந்த சுடுதண்ணிப் போத்தலும் மறு கையில் மூடியுமாக, சேலைக்கு மேலே குளிர் ஜாக்கெட்டோடு, மண்டபத்தின் நடுவால் நேராக நடந்தார். சுற்றிப் போகவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. நேர் வழி அதுதானே. வீரர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். பந்து தானாக உருண்டு வெளியே போனது. அக்கா மூடியில் ஊற்றிக் கொடுக்க, மண்டபம் முழுக்கப் பார்த்திருக்க, கெவின் மிளகு ரசத்தை ஒரு சொட்டு விடாமல் குடித்தான்.

மூடி காலியாக இருந்ததால் அக்கா மறுபடி ஊற்றினார்.

நடுவர் எங்கள் வாங்குக்கு வந்தார். "இந்தப் பெண் யார்?" என்று கேட்டார். ஹெர் புரூக்மன் கூரையைப் பார்த்தார். மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள்.

"யாரோ பார்வையாளர்" என்று சொல்லியிருந்தால் அக்காவை வெளியே அனுப்பிவிட்டு விளையாடியிருப்பார்கள். அது எனக்கும் அந்த நொடியில் தெரிந்திருந்தது. ஆனால் அக்கா அங்கே தனியாக, அத்தனை வெள்ளைக்காரருக்கு நடுவில் போத்தலோடு நின்று என்னைப் பார்த்தார். வெட்கத்தில் செத்துவிடலாம் போல இருந்தது. எழுந்து நின்று நல்ல ஜேர்மனில் சொன்னேன்:

"அவர் எங்களுடைய ஆள்."

எங்களுடைய ஆள் என்றால் அணியின் ஆள். அணியின் ஆள் ஆட்ட நடுவில் களத்துக்குள் வந்தால் அணிக்குத் தண்டனை. எதிரணிக்குத் தடையில்லாத இரண்டு எறிகள் கிடைத்தன. இரண்டும் கூடைக்குள் விழுந்தன.

கெவின் அதற்குப் பிறகு ஓடினான். எப்படி என்று என்னைக் கேட்க வேண்டாம். எறிந்ததெல்லாம் விழுந்தது, பாய்ந்தால் கூரையில் இடிப்பான் போலப் பாய்ந்தான். பெரிய இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்து, கடைசியில் ஒரேயொரு புள்ளியால் தோற்றோம். ஒரேயொரு புள்ளி. இரண்டு எறிகள். கணக்குப் பார்க்கக் கல்லூரி அணி தேவையில்லை.

(ராணி அக்காவின் கட்சி வேறு. "ரசத்தை முதல் பாதியிலேயே குடுக்க விட்டிருந்தால் வெண்டிருப்பம்" என்கிறார். இன்றுவரை அதிலிருந்து அவர் இறங்கவில்லை.)

ஒப்பந்தம் நீடிக்கப்படவில்லை. கெவினை வழியனுப்ப ரயில் நிலையம் வரைக்கும் போனேன். விமான நிலையத்துக்குப் போக ஆசைதான். ஆனால் அகதி விண்ணப்பம் போட்டவன் அனுமதியில்லாமல் ஊரெல்லையைத் தாண்டக்கூடாது. அவன் திரும்பிப் போகவேண்டியவன், நான் நகரக்கூடாதவன். மேடையில் நின்று மன்னிப்புக் கேட்டேன். அவன் அதைக் காதில் வாங்காமல், பல நாளாக மனதில் கிடந்ததைக் கேட்டான்.

"உங்கள் வீடுகளில் அதை எப்படி நிறுத்துவது?"

"எதை?"

"சாப்பாட்டை. நான் முடிக்க முடிக்க அவர் போட்டுக்கொண்டே இருந்தாரே. கோப்பையில் மிச்சம் விட்டால் சமைத்தவரை அவமதிப்பது என்று அம்மா சொல்லி வளர்த்தார். அதனால்தான் எல்லாவற்றையும் முடித்தேன்."

"எங்கள் ஊரில் விருந்தாளியின் கோப்பை காலியாகக் கிடந்தால் போட்டவருக்கு அவமானம்" என்றேன். "கொஞ்சம் மிச்சம் விடவேண்டும். பிறகு கையை இப்படி விரித்து மறிக்கவேண்டும்." செய்து காட்டினேன். அவன் தன் பையின் மேலே கையை விரித்துப் பழகிப் பார்த்தான். ரயில் வந்தது. இரண்டு பேரும் அழுதோம். அவன் குனிந்து அழுததால் பார்த்தவர்களுக்கு வேடிக்கையாக இருந்திருக்கும்.

சில வருடங்களுக்கு முன் கெவின் மறுபடி ஜேர்மனிக்கு வந்தான். ஊரில் பெயின்ட் கடையோடு பிள்ளைகளுக்குப் பந்து பழக்கத் தொடங்கி, பிறகு கடையை விட்டுவிட்டு முழுநேரப் பயிற்சியாளர் ஆகிவிட்டானாம். ஆட்டத்தன்று மத்தியானம் தன் பொடியன்களுக்கு வாழைப்பழம்தான், வேறு சாப்பாடு என்று மூச்சு விடக்கூடாது என்றான். டோர்ட்மண்டில் ராணி அக்கா வீட்டில் விருந்து. அக்காவுக்கு எழுபது தாண்டிவிட்டது, அகப்பை பிடிக்கும் கைக்கு மட்டும் வயது போகவில்லை. கெவின் ஒரு கோப்பை சாப்பிட்டான். ஓரத்தில் கொஞ்சம் சோறு மிச்சம் விட்டான். பிறகு, பந்தைத் தனியாகவே பிடிக்கிற அந்தக் கையை விரித்துக் கோப்பைக்கு மேலே வைத்தான்.

கோப்பையே தெரியவில்லை. விளிம்பு தெரியவில்லை, விரல் இடுக்கு ஒன்றும் இல்லை. அக்கா அகப்பையோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்ப் பார்த்தார். எங்கள் குடும்பத்தில் அவரை அப்படித் தடுமாற வைத்தவர்கள் அதுவரை யாரும் இல்லை. அகப்பையை வைத்துவிட்டு, தட்டத்திலிருந்து ஒரு வடையை எடுத்து அவனுடைய புறங்கையில் வைத்தார். அவன் என்னைப் பார்த்தான். என்னிடம் மொழிபெயர்க்க ஒன்றும் இல்லை. மற்றக் கையால் எடுத்துச் சாப்பிட்டான்.

அன்றிலிருந்து எங்கள் வீடுகளில், உண்மையாகவே போதும் என்பதற்குப் பெயர் "கெவின் கை". இங்கே பிறந்த பிள்ளைகளும் சாப்பாட்டு மேசையில், "பெரியம்மா, கெவின் கை!" என்று கத்திக்கொண்டு இரண்டு கைகளையும் விரிக்கிறார்கள். ராணி அக்கா அசருவதில்லை. ஒவ்வொரு புறங்கையிலும் ஒவ்வொரு வடையை வைத்துவிட்டுச் சொல்லுகிறார்:

"கெவினுக்கே வைச்சனான். நீ என்ன அவனிலும் உயரமே?"