காற்றை அமுக்கிய ஏரியல்காரர்

காற்றைப் பிடித்துப் பெட்டியில் அடைத்து, பெட்டி போதவில்லை என்று கண் கலங்கிய மனிதர், மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலம் முழுக்கத் தேடினாலும் எங்கள் ஏரியல்காரர் ஒருவர்தான். செம்பனை ஆலையில் வயரிங் வேலை பார்த்து ஓய்ந்தவர். கோலா சாவா பக்கம் எங்கள் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் அவர் கூரையில் மட்டும் ஏழு ஏரியல். காக்காய்கூட உட்கார இடம் தேடும்.

வினை வந்தது ஒரு திருவிழாவில். பகல் பூசை. பூசாரி கையில் வயர் இல்லாத மைக். தீபம் காட்டி, "தாயே" என்று அவர் வாயெடுக்க, கோயில் ஸ்பீக்கரில் மலாயில் ஒரு முரட்டுக் குரல்: "ஆயாம் கோரெங் சத்து! சம்பல் லெபே!"

அம்மனுக்கு ஒரு பொரித்த கோழி, சம்பல் தூக்கலாகவா? கோயில் தலைவர் நேரே அந்தக் கூரையைத்தான் பார்த்தார்.

"எல்லாம் ஒன் ஏரியல் வேலதான்லா! வர்ற வருசத் திருவிழா முடிஞ்சதும் அந்தக் கொரலு ஒன்னால வரலன்னு காட்டு. இல்லாட்டி ஏழையும் கழட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுருவேன்."

"தலைவரே, என் ஏரியல் கேக்கத்தான் கேக்கும், பேசாதுலா."

"கேக்கறவன்தான் பேசுவான்!"

மனிதர் என்னிடம் வந்து புலம்பினார். குரல் எந்த அலையில் வருமென்று முன்கூட்டித் தெரியாதாம். அதனால் திருவிழா அன்று காற்றில் வருகிற எல்லா அலைகளையும் மொத்தமாகப் பிடித்துக் கம்ப்யூட்டர் டிஸ்க்கில் வைத்து, பிறகு சாவகாசமாகத் தேட வேண்டுமாம். ஒத்திகை பார்த்தார். இருபது நிமிடத்தில் டிஸ்க் நிறைந்துவிட்டது.

"நொடிக்கு லட்சம் லட்சமா நம்பர் கொட்டுதுண்ணே. அமுக்கித்தான் வைக்கணும்."

அமுக்குவதென்றால் எனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் போகாதவன் என்றாலும், இது ரப்பர்த் தோட்டமாக இருந்த காலத்தில் ரப்பர் சீட்டு மெஷின் சுற்றியவன். உறைந்த பாலை உருளையில் விட்டுத் தண்ணீரைப் பிழிந்தால் சீட்டு மெலிசாகிவிடும். அந்த மெஷினில் என் மச்சினன் சட்டைக் கை மாட்டிக்கொண்ட கதை ஒன்று இருக்கிறது, அது கிடக்கட்டும்.

"ஆனா எறைச்சல் மட்டும் அமுங்கவே மாட்டேங்குதுண்ணே."

"கமிட்டி மீட்டிங்ல பாத்ததில்லையா நீ?"

அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு எண்ணிலும் வால் பக்கம் இருப்பது வெறும் இரைச்சலாம். வாலை வெட்டினால் மிச்சம் அமுங்குமாம். அப்போதும் கம்ப்யூட்டர் ஒன்றை அமுக்குவதற்குள் அடுத்தது வந்து குவிய, பதிவெல்லாம் ஓட்டை. கடைசியில், கொஞ்சமாக ஆனால் வேகமாக அமுக்குகிற வழி ஒன்றைக் கண்டுபிடித்தார். எண்ணுக்கு எப்படி வால் முளைக்கும் என்று எனக்கு இன்றும் குழப்பம்தான்.

மறு வருடத் திருவிழா அன்று கம்ப்யூட்டரில் ரிக்கார்டிங்கை ஓடவிட்டு, என்னை அதன் முன் உட்கார வைத்தார்.

"நான் கோயில்ல எல்லார் கண்ணு முன்னாலயும் நிக்கணும்ணே. இல்லன்னா நாந்தான் பேசுனேம்பானுங்க. நீங்க பாத்துக்குங்க. அமுக்கறது மட்டும் நிக்கக் கூடாது."

அன்றைக்கும் பூசையில் ஆயாம் கோரெங் வந்ததாம். இந்தத் தடவை இரண்டு. பூசை முடிந்து ஓடி வந்தவர், வாசலிலேயே நின்றுவிட்டார். நான் டிஸ்க் பெட்டியின் மேல் இரண்டு உள்ளங்கையையும் ஊன்றி, உடம்பு பாரத்தை இறக்கி அமுக்கிக்கொண்டிருந்தேன். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"என்னாண்ணே செய்றீங்க?"

"ஒரு நிமிசம்கூட நிறுத்தலப்பா!"

பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தைலம் எடுத்து வந்து என் மணிக்கட்டில் தேய்த்துவிட்டார்.

மறுநாள் கமிட்டி முன்னால் போட்டுக் காட்டினார். பூசைக்கு முன்பே, கோயில் மைக்கின் அதே அலையில், அதே முரட்டுக் குரல்: "ஹலோ, ஹலோ... மச்சான் ஒரே மாதிரி ரெண்டு மைக் வாங்கி, ஒண்ணு கோயிலுக்கு, ஒண்ணு நம்ம கடைல ஆர்டர் கூவறதுக்குக் குடுத்தாருலா. நல்லா கேக்குதா?"

மலாயில் கத்தியபோது பிடிபடாத ஆள், தமிழில் பேசியதும் பிடிபட்டுவிட்டார். முச்சந்தியில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் தலைவரின் மைத்துனர்!

தலைவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "சரி சரி, ஏரியல் இருந்துட்டுப் போவட்டும்லா," என்றவர், பேச்சை மாற்றப் பார்த்தார். "ஆமா, இம்புட்டையும் இந்தச் சின்னப் பெட்டில எப்படிய்யா அடக்குன?"

நான் செய்த கூத்து அதற்குள் எனக்கே லேசாக உறைத்திருந்தது.

ஏரியல்காரர் என் பக்கம் கை காட்டினார்.

"நான் எங்க தலைவரே? அண்ணன்தான் அமுக்கிக் குடுத்தாரு."

எல்லோரும் திரும்பினார்கள். நான் எழுந்து கும்பிட்டேன். சபை நடுவே என்னை ஒருவர் பெருமையாகக் கை காட்டியது, இந்த ஆயுசில் அந்த ஒரு தடவைதான்.