துரையின் எடை, மாத்திரை முதலியன குறித்து மாப்பிள்ளைக்கு

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தையும் நலமாக இருக்கிறோம். அங்கு நீங்களும் என் மகளும் நலமாகத்தான் இருப்பீர்கள். புது வேலை, புது வீடு, ஆறாவது மாடி எல்லாம் போனில் கேட்டு மகிழ்ந்தோம். இதையும் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் என் மகள் "அப்பா, விஷயத்துக்கு வாங்க" என்று குறுக்கே விழுவாள். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. விஷயம் இதுதான்: நீங்கள் என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போன நாயை இந்த மாதக் கடைசிக்குள் வந்து அழைத்துச் செல்லும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இனி என்னால் ஆகாது. காரணத்தை விளக்கமாக எழுதியிருக்கிறேன், பொறுமையாகப் படிக்கவும்.

நீங்கள் வைத்த பெயர் என் வாயில் நுழையாததால் நாங்கள் அவனைத் துரை என்று கூப்பிடுகிறோம். தோரணையும் அப்படித்தான் இருக்கிறது. சோபாவில் நான் உட்கார்ந்தால், யாரைக் கேட்டு உட்கார்ந்தாய் என்பதுபோல் ஒரு பார்வை. நீங்கள் கிளம்பும்போது ஃப்ரிட்ஜ் மேலே ஒரு டப்பாவை வைத்து, "மாசம் ஒரு மாத்திரை மாமா, மறந்துடாதீங்க" என்றீர்கள். நான் மறக்கவில்லை. டப்பா தீர்ந்ததும் அதைக் கையோடு எடுத்துக்கொண்டு, துரையையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். விலையைக் கேட்டதும் எனக்குத் தலை சுத்திருச்சு மாப்பிள்ளை. என் பிரஷர் மாத்திரைகூட அந்த விலை இல்ல. "அப்படி இது எதுக்குங்க?"ன்னு கேட்டேன். "தெள்ளுப்பூச்சிக்கும் இதயப்புழுவுக்கும் சார்"னார் கடைக்காரர். இதயத்துல புழுவா! அது எந்த வழியாங்க அங்க போகும்னு கேட்டா, "கொசு கடிச்சா போகும்"னு சொல்லிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போயிட்டார். கொசு தம்மாத்தூண்டு, அது எப்படிப் புழுவைத் தூக்கிட்டு வரும்? வழி நெடுக இதே யோசனை, வீட்டைத் தாண்டி ரெண்டு தெரு போயிட்டேன். துரைதான் திருப்பிக் கூட்டிட்டு வந்தான்.

உங்களுக்குத்தான் தெரியுமே, ரிட்டயர்டு ஆகற வரைக்கும் எனக்கு எடைமேடையில வேலை. லாரியைச் சரக்கோட ஏத்தி நிறுத்தி, அதுல வெறும் வண்டி எடையைக் கழிச்சுச் சீட்டு குடுக்கறவன் நான். எதையும் விசாரிக்காம வாங்கினதே கிடையாது. அதனால விசாரிக்க ஆரம்பிச்சேன். கழுத்துப் பட்டைன்னு ஒண்ணு, பிடரியில விடற சொட்டு மருந்துன்னு ஒண்ணு, மெல்லற மாத்திரைன்னு ஒண்ணு. ஒண்ணு தெள்ளுக்கு மட்டும், இன்னொண்ணு புழுவுக்கு மட்டும், மூணாவது ரெண்டுக்கும். வாங்கினேனோ இல்லையோ, அந்தத் தெருவுல இருக்கற கடைக்காரங்க எல்லாரும் என்னைப் பாத்ததும் ஏதோ வேலை இருக்கற மாதிரி உள்ள போக ஆரம்பிச்சாங்க.

தெள்ளு விஷயத்துல சும்மா சொல்லக்கூடாது, எனக்கே ஆர்வம் வந்துருச்சு. துரையை வெள்ளைத் துண்டு மேல நிறுத்திப் பொடிச்சீப்பால வாரினா மிளகுத்தூள் மாதிரி கறுப்பா உதிருது. அதை ஈரக் காகிதத்துல வெச்சா சிவப்பாக் கசியும். சிவந்தா அது தெள்ளுக் கழிவு, அத்தனையும் நம்ம துரையோட ரத்தம். பூதக்கண்ணாடியில ஒரு தெள்ளைப் புடிச்சுப் பாத்துக்கிட்டே இருந்தேன், சட்டுனு குதிச்சது, எங்க போச்சுன்னே தெரியல. உங்க அத்தை தலையணை உறை, மெத்தை விரிப்பு, என் சட்டை எல்லாத்தையும் வெந்நீர்ல போட்டுட்டா. அன்னைக்கு முழுக்க நான் துண்டோட உட்கார்ந்திருந்தேன்.

கீழ் வீட்டுத் தையல்காரர் ஒரு யோசனை சொன்னார். அவர்கிட்ட கன்னுக்குட்டி சைஸுக்கு ஒரு நாய். "பெரிய நாய் மாத்திரைய வாங்கி ரெண்டா வெட்டிக்கலாம் சார், என் நாய்க்குப் பெரிய துண்டு, உங்களுக்குச் சின்னது"ன்னு கத்திரிக்கோலோட நிக்கறார். அளவெடுக்காம எதையாவது வெட்டினா எனக்கு ஆகாது. முதல்ல எடை பாப்போம்னு முடிவு பண்ணேன். டப்பா எல்லாம் எடைக் கணக்குலதான் வருது. பத்து கிலோவுக்குக் கீழன்னா ஒண்ணு, பத்தும் அதுக்கு மேலயும்னா வேற, விலையும் வேற.

துரை எடை மெஷின்ல தனியா நிக்க மாட்டான். அதனால அவனைத் தூக்கி வெச்சுக்கிட்டு நான் ஏறினேன். என் எடையைக் கழிச்சேன். பன்னிரண்டு. ஞாயித்துக்கிழமை தவறாம இதே மாதிரி பாத்தேன். பதினொண்ணு ஆச்சு. அப்புறம் பத்து. அட, இன்னும் கொஞ்சம் குறைஞ்சா சின்ன டப்பாவே போதுமேன்னு, எனக்கு உள்ளுக்குள்ள ஒரே சந்தோஷம். பொறுத்துத்தான் பாப்போமேன்னு வாங்காம தள்ளிப் போட்டேன். தள்ளித் தள்ளி ரெண்டு மாசம் போயிருச்சு. போன வாரம் ஒன்பதுக்கு வந்தது. துள்ளிக் குதிச்சுக் கடைக்கு ஓடினேன். "ஒன்பதா? குறைஞ்சுக்கிட்டே வருதா?"ன்னு கடைக்காரர் நிமிர்ந்து பாத்தார். "சார், இதயப்புழு வந்தா நாய் இப்படித்தான் இளைக்கும். இருமும். மாத்திரையை விட்டிருந்தீங்களா?"

டப்பாவைக்கூட வாங்காம ஓடி வந்தேன் மாப்பிள்ளை. வீட்டுக்கு வந்தா, அன்னைக்குன்னு பாத்து துரை ரெண்டு தடவை இருமினான். காசை மிச்சம் புடிக்கிறேன்னு புள்ளையக் கொன்னுட்டேனேன்னு நினைச்சேன். உங்ககிட்டயும் மககிட்டயும் எந்த மூஞ்சியோட பேசுவேன்? அதான் அன்னைக்கு நீங்க போன் பண்ணப்போ "துரை தூங்கறான்"னு சொல்லி வெச்சுட்டேன். அவன் என் மடியிலதான் இருந்தான்.

மறுநாள் காலையிலேயே நானும் உங்க அத்தையும் துரையைத் தூக்கிக்கிட்டு கால்நடை டாக்டரம்மாகிட்ட போனோம். கிளினிக்ல கூட்டம். துரை முன்னங்கால்ல ரத்தம் எடுத்தாங்க, முணுக்னு ஒரு சத்தம் இல்ல, என்னையே பாத்துக்கிட்டிருந்தான். நான் சுவத்தைப் பாத்துக்கிட்டேன். முடிவு வர கொஞ்ச நேரம் ஆகும்னு வெளிய பெஞ்சுல உட்காரச் சொன்னாங்க. உங்க அத்தை ஒரு வார்த்தை திட்டல. அவ திட்டலைன்னா எனக்குப் பயம் இன்னும் ஜாஸ்தியாகும். கூப்பிட்டாங்க. "புழு இல்ல சார்"னாங்க. நான் அங்கேயே ஸ்டூல்ல உட்கார்ந்து அழுதுட்டேன், வெக்கப்படாம எழுதறேன். இருமலுக்குக் காரணம் தையல்காரர் வீட்டு நூல், தொண்டையில ஒரு முழம் சிக்கியிருந்தது.

அழுகை நின்னதும் கேள்வி கேட்டேன். கொசு புழுவைத் தூக்கிட்டு வரலையாம், கண்ணுக்குத் தெரியாத குஞ்சைத்தான் உள்ள விடுதாம், அது மெதுவா வளர்ந்து இதயத்துக்குப் போகுதாம். மாசா மாசம் குடுக்கற மாத்திரை அந்தக் குஞ்சைத்தான் கொல்லும், வளர்ந்த புழுவை ஒண்ணும் பண்ணாதாம். வீட்டுக்குள்ள இருந்தாலும் கொசு விடாது, அதனால விட்டுவிட்டுக் குடுத்தா பிரயோஜனம் இல்லையாம். மாத்திரைய வெட்டலாமான்னு கேட்டேன். மருந்து ரெண்டு பாதியிலயும் சமமா இருக்கும்னு யார் சொன்னது, எந்த நாய்க்கு எவ்வளவு போச்சுன்னு யாருக்குத் தெரியும்னு கேட்டாங்க. தையல்காரர்கிட்ட அப்படியே சொல்லிட்டேன். மலிவா வாங்கவும் வழி சொன்னாங்க. சீட்டு எழுதித் தர்றேன், நாலு கடையில விலை கேளுங்க, ரெண்டுக்கும் ஒரே மாத்திரையா தனித்தனியா எது குறையுதுன்னு கூட்டிப் பாருங்க, மொத்தமா வாங்கினா குறைப்பாங்க, காலாவதித் தேதியப் பாத்துக்கங்க, உறை பிரிஞ்சதை மட்டும் இனாமாக் குடுத்தாலும் வாங்காதீங்கன்னாங்க.

"எடை சொல்லுங்க, எழுதிடறேன்." "ஒன்பது"ன்னேன். டாக்டரம்மா துரைய ஒரு பார்வை பாத்துட்டு அவங்க மெஷின்ல ஏத்தினாங்க. பதிமூணு! "உங்க மெஷின் தப்பும்மா"ன்னேன். முப்பது வருஷம் எடை போட்டவன்கிட்டயா? சரி, மெஷினைச் சோதிச்சிருவோம்னு நானே ஏறினேன், என் எடை எண்பத்திரண்டுன்னுதான் எனக்குத் தெரியுமே. எழுபத்தெட்டு காட்டுச்சு. பாத்தீங்களா, நாலு கிலோ தப்புன்னு நான் ஜெயிச்ச மாதிரி நிக்கறேன், உங்க அத்தை தலையில அடிச்சுக்கிட்டா. "ஏங்க, எண்பத்திரண்டு எப்பப் பாத்தது?" ரிட்டயர்டு ஆனப்போ ஆஸ்பத்திரியில பாத்தது. வாடிக்கை லாரிக்கு வெறும் வண்டி எடையை ஒரு தரம் எழுதி வெச்சா போதும், ஒவ்வொரு தரமும் இறக்கியா பாப்போம்? அந்தப் பழக்கத்துல என் எடைய நான் திரும்பப் பாக்கவே இல்ல. காலையும் சாயங்காலமும் துரை என்னை இழுத்துக்கிட்டு ஓடினதுல இளைச்சது நான்தான். அவன் நல்லா ஏறியிருக்கான். ஒன்பதுன்னு நம்பிச் சின்ன டப்பா வாங்கியிருந்தா மருந்து பத்தாமப் போயிருக்கும். கிளினிக்கே சிரிச்சுது, ஒரு பூனையத் தவிர.

ஆக மாப்பிள்ளை, இந்த வயசுல இந்தப் பதட்டம் என் நெஞ்சுக்கு ஆகாது. டாக்டரம்மா ஆறு மாசம் கழிச்சு இன்னொரு தரம் ரத்தம் பாக்கணும்னு சொல்லியிருக்காங்க, மாத்திரை குடுக்காத ரெண்டு மாசத்துல குஞ்சு உள்ள போயிருந்தா அப்பத்தான் தெரியுமாம். மறுபடி அந்த பெஞ்சுல உட்கார என்னால முடியாது. தயவுசெய்து வந்து உங்கள் நாயை அழைத்துச் செல்லவும்.

நீங்கள் இருவரும் வேளைக்குச் சாப்பிட்டு, சண்டை போட்டாலும் பொழுது சாய்வதற்குள் சமாதானமாகி, நிறைவாக இருக்க வேண்டும். அத்தை ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள். என் ஆசியும் சேர்த்து.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: மேலே எழுதினது நேத்து. இன்னைக்கு நாலு கடை ஏறி இறங்கினதுல, ஒரு வருஷத்துக்கு மொத்தமா வாங்கினாத்தான் கட்டுப்படியாகுதுன்னு தெரிஞ்சு வாங்கிட்டேன். டப்பாவை ஃப்ரிட்ஜ் மேலேயே வெச்சிருக்கேன். வாங்கினதை வீணாக்க முடியாது, அதனால நீங்க வர வேண்டியதில்ல. வந்தா தங்குங்க, எத்தனை நாள் வேணா தங்குங்க, துரை வர மாட்டான். ஆறு மாசம் கழிச்சு அந்த பெஞ்சுல நானேதான் உட்காரணும், உங்களுக்கு அந்த டாக்டரம்மாகிட்டப் பழக்கமில்ல. இன்னொண்ணு. என் எடைய இப்பவாவது சரியா எழுதி வெச்சுக்கலாம்னு காலையிலேருந்து மெஷின்ல ஏறிக்கிட்டிருக்கேன். ஏறும்போதெல்லாம் துரை வந்து முன்னங்கால் ரெண்டையும் தூக்கி மேல வெச்சுடறான். என் எடை தனியா எவ்வளவுன்னு இன்னும் தெரியல. தள்ளிவிட மனசு வரல மாப்பிள்ளை.