காற்றைக் கட்டிய கால்

புயலைக் கயிற்றில் முடிந்து கையில் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் கடலே இல்லாத அந்த ஊர், பயண ஏஜென்சி வாசலில் வரிசை கட்டி நின்றது. புயல் பருவத்தில் தீவுக்குப் போனால் பாதி விலை. என்ன, உயிர்தான் பாதி வழியில் நிற்கும்! அந்தப் பயத்தைத் தீர்க்கத்தான் ஏஜென்சியின் பின்னறையில் காற்றுக்கட்டி சாமி எழுந்தருளியிருந்தார். அவர் புயலைக் கட்டினார். ஜனங்கள் பணத்தைக் கட்டினார்கள்.

வரிசையில் கண்ணாடிக்கடைக்காரரும் நின்றார். ஊரில் பாதிப் பேருக்குப் பார்வையைத் திருத்திக் கொடுத்தவர். கல்யாணமான நாளிலிருந்து மனைவிக்குக் கடல் காட்டுவதாகச் சொல்லிச் சொல்லி நாக்குத் தேய்ந்தவர். இந்த முறை மகளையும் சேர்த்து மூன்று பேருக்கும் இடம் சொல்லி வைத்துவிட்டார். பணம் மட்டும் இன்னும் கட்டவில்லை. கட்டினால் கட்டியதுதான். வானம் இடிந்து விழுந்தாலும் தேதியை மாற்ற மாட்டார்களாம்.

அவர் மனைவி மழலையர் பள்ளி டீச்சர். அவருக்கு மனசு ஒப்பவில்லை.

"என்னங்க, அந்த வாரம் தீவுப் பக்கம் புயல் வர வாய்ப்பிருக்குன்னு வானிலை ஆபீஸ்ல சொல்றாங்க. குழந்தையைக் கூட்டிக்கிட்டுப் படகுல ஏறப் போறோம்."

"அவங்க வருஷக்கணக்கா படிச்சுட்டு 'வாய்ப்பிருக்கு'ங்கிறாங்க. சாமி படிக்காமலே 'வராது'ங்கிறார். இப்ப யாரு பெரியவரு?"

இதற்குப் பதில் சொல்ல எந்தப் படிப்பும் போதாது. டீச்சர் கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு அவர் கூடவே பின்னறைக்குள் போனார்.

பின்னறையில் ஜன்னல்களெல்லாம் அடைப்பு. தரைவிரிப்பின் மேல் நாற்காலி, நாற்காலியில் சாமி, சாமிக்குப் பின்னால் கனத்த திரை. ஏஜென்சி முதலாளி மந்திரப் பாட்டை ஒலிபெருக்கியில் அலற விட்டார். திடீரென்று திரை பொங்கி எழுந்தது. மேஜைக் காகிதங்கள் பறந்தன. சாமி கண்ணை உருட்டி, கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டார். காற்று அடங்கியது! கூட்டம் தடாலென்று காலில் விழுந்தது. கண்ணாடிக்கடைக்காரருக்குப் புல்லரித்தது, கை தானாகப் பணப்பைக்குப் போனது. டீச்சரின் பார்வை மட்டும் சாமியின் கால் பெருவிரலில் இருந்தது.

"சாமி, எங்களுக்காக இன்னொரு தடவை கட்டணும்," என்றார் டீச்சர். "ஆனா காலை மேல தூக்கி, சம்மணம் போட்டு உக்காந்து கட்டுங்க."

சாமியின் முகம் கோணியது. "காலு தரையில இருந்தாத்தாம்மா பூமி சக்தி ஏறும்."

"எங்க பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க முதல்ல கத்துக்கிறதே சம்மணம் போடத்தான் சாமி. அரை டிராயருங்களுக்கே வருது, உங்களுக்கு வராதா?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார். சாமி வேறு வழியில்லாமல் காலை மடக்கினார். பாட்டு அலறியது. "வா புயலே!" என்று சாமியும் அலறினார். திரை ஒரு இழைகூட அசையவில்லை. சாமியின் நெற்றியில் மட்டும் மழை.

கண்ணாடிக்கடைக்காரர் நல்ல மனுஷர். பூமி சக்தி எங்கே அடைத்துக்கொண்டதோ என்று நாற்காலிக்கடியில் விரிப்பைத் தூக்கிப் பார்த்தார். அங்கே ஒரு சுவிட்ச் இருந்தது. பெருவிரலால் அழுத்தினார். திரைக்குப் பின்னாலிருந்த ராட்சத மின்விசிறி கிளம்பி, சாமியின் தாடியைத் தூக்கிக்கொண்டு போனது.

சாமி மூட்டையைக் கட்டினார். முதலாளி கடையைக் கட்டினார்.

"ஊருக்கெல்லாம் கண்ணு டெஸ்ட் பண்றேன், எனக்கு இது தெரியலையே!" என்று வீடு வரை புலம்பினார் கண்ணாடிக்கடைக்காரர்.

"உங்களுக்கு வேண்டிய பவர் உங்க கடையில கிடைக்காதுங்க," என்றார் டீச்சர். பயணம் பருவம் முடிந்த பிறகு என்று முடிவானது.

முதலில் போகவிருந்த வாரத்திலேயே தீவில் புயல் அடித்தது. அவர்கள் இறங்கியிருக்க வேண்டிய படகுத்துறையைக் கடல் வாரிக்கொண்டு போயிருந்தது. செய்தியைப் பார்த்த கண்ணாடிக்கடைக்காரர் மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் கடைக்கு ஒரு ஓய்வுபெற்ற அதிகாரி வந்தார். மணிக்கட்டில் முடிச்சுக் கயிறு அப்படியே இருந்தது.

"இன்னுமா சார் இதை அவிழ்க்கலை?"

"சாமி போலிதான்யா. ஆனா கயிறு அசல். பாத்தியா, நம்ம ஊருக்குப் புயல் வந்துச்சா?"

கண்ணாடிக்கடைக்காரர் அவரை உட்கார வைத்து எழுத்துப் பலகையைக் காட்டினார். அதிகாரி கடைசி வரி வரை கடகடவென்று படித்துவிட்டார்.

"உங்க கண்ணுல ஒரு குறையும் இல்ல சார். அதுக்குப் பின்னால ஒண்ணு இருக்கு பாருங்க, அதைத்தான் கொஞ்சம் பயன்படுத்தணும். காசு கூட கட்ட வேண்டாம்."