நீலப் புகை பற்றி மாமாவுக்கு

ஆமாம் மாமா, நீலம்தான். கறுப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை. போனில் நீங்கள் கேட்டு முடிப்பதற்குள் அப்பா அறைக்குள் வந்துவிட்டார், வைத்துவிட்டேன்.

இனி முறைப்படி. அன்பும் மதிப்பும் மிக்க மாமாவுக்கு மருமகள் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அங்கே நீங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள். நலமில்லாமல் கிடந்தது நீங்கள் எனக்குக் கொடுத்துவிட்டுப் போன கார் மட்டும்தான். அது பற்றி உங்கள்மேல் ஒரு புகார் இருக்கிறது.

என் அறையில் தையல் மெஷினும் அக்காவின் பெட்டிகளும் குடியிருக்கின்றன. எனக்கென்று கதவு உள்ள ஒரே இடம் அந்தக் கார். அதற்குத்தான் அப்பா நாள் குறித்திருக்கிறார். "உன் தம்பி குடுத்த வண்டி பெட்ரோலையும் குடிக்குது, ஆயிலையும் குடிக்குது," என்றார் அம்மாவிடம். "சனிக்கிழமை பழைய இரும்புக்காரர் வரார்."

ஒரு பட்டறையில் இன்ஜினுக்குக் காற்றைத் திணிக்கும் டர்போ போய்விட்டது என்றார்கள், அடுத்ததில் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்றார்கள், இன்னொன்றில் பானெட்டைத் திறக்காமலே துக்கம் விசாரிப்பதுபோல் என் தோளைத் தட்டினார்கள், சரி நானே பார்க்கிறேன் என்று ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது புகை வருகிறதா விடும்போது வருகிறதா என்று கண்ணாடியையே பார்த்து ஓட்டியதில் எதிரே இருந்த குப்பைத்தொட்டியைப் பார்க்கவில்லை, அதனால் அம்மாவைப் பின்சீட்டில் திரும்பி உட்காரவைத்தேன், அம்மா "வருது... வருது... இப்ப இல்ல... ஐயோ, ஸ்கூட்டர்காரர் மூக்கைப் பொத்திக்கிட்டார்டி, கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுட்டேன்," என்று நேரலை கொடுத்துக்கொண்டே வந்தாள், வீட்டுக்கு வந்து ஆயில் பார்க்கும் குச்சியை உருவினால் அடியில் ஈரம்கூட இல்லை, நான் ஊற்றினேன், நான் இல்லாதபோது அம்மா ஊற்றினாள், இரும்புக்கு அனுப்பத் துடிக்கும் அப்பாவின் விரலிலும் ஒருநாள் ஆயில் கறை.

கடைசியாக மெக்கானிக் 'அவசரம்' அண்ணனிடம் போனோம். ஒருநாளும் அவசரப்படாததால் அந்தப் பெயர். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் பார்த்தார். நன்றாகவே இருந்தது, அப்படியென்றால் ரிங்கில் குறையில்லை. டர்போவுக்குப் போகும் குழாயைக் கழற்றினார். உள்ளே ஆயில் குளம்.

"டர்போவ இறக்கறதுக்கு முன்னாடி பழைய ஆயில வடிச்சிடலாம்," என்றார்.

வடிந்தது. தட்டு நிறைந்தது. இன்னொரு தட்டு வைத்தார். அதுவும் நிறைந்தது. அம்மா கார் கழுவும் வாளியை நீட்டினாள்.

"என்னம்மா இது, இன்ஜினா, ஆயில் கிணறா?"

வண்டியின் புத்தகத்தில் சொன்ன அளவுக்குப் புது ஆயில் ஊற்றிவிட்டு, குச்சியை விட்டு எடுத்தார். காய்ந்திருந்தது.

மூவரும் குச்சியைப் பார்த்தோம்.

அது இந்தக் காரின் குச்சியே இல்லை மாமா. இரண்டு விரல் அகலம் குட்டை. ஆயிலைத் தொடுவதற்கு முன்பே நின்றுவிடும். அதை நம்பி நாங்கள் ஊற்ற, மிஞ்சியது இன்ஜினின் மூச்சுக்குழாய் வழியாக ஏறி, டர்போ வழியே மறுபடி இன்ஜினுக்குள் போய் எரிந்திருக்கிறது. ரிங்கும் நல்லது. டர்போவும் நல்லது. நோயாளியை நாங்கள்தான் ஊட்டி ஊட்டிப் படுக்கவைத்திருக்கிறோம்.

குழாய்களைத் துடைத்து, சரியான குச்சி போட்டு, மேம்பாலத்தில் ஏற்றினேன். முதலில் கொஞ்சம் புகைந்தது, தங்கியிருந்த மிச்சம். பிறகு நின்றுவிட்டது. "ஒண்ணுமே தெரியலடி," என்றாள் அம்மா. அவள் குரலில் சிறிய ஏமாற்றம். நான் சத்தமாகப் பாடினேன். அவளும் பாடினாள். வேறு பாட்டு.

அப்பா மசியவில்லை. "குச்சிய மாத்தி வச்சவன் உள்ளே இன்னும் என்னென்ன மாத்தினானோ," என்கிறார். ஆகவே மாமா, கருணை கூர்ந்து, குச்சியை மட்டும்தான் மாற்றினேன், வேறெதிலும் கை வைக்கவில்லை என்று கைப்பட எழுதி உடனே அனுப்புங்கள். நீங்கள் செய்த வேலைக்கு என் அறை போகக் கூடாது.

அத்தைக்கு என் அன்பு. உங்களுக்கு, கோபம் கலந்த வணக்கம்.

பி.கு.: நான் கேட்டதை எழுத வேண்டாம். உறையை ஒட்டப் போகும்போது அம்மா அந்தக் குட்டைக் குச்சியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இந்த மஞ்சள் வளையம் நாம வித்த பழைய வேனோடதுல்ல?" என்றாள். அப்பா செய்தித்தாளை உயர்த்திக்கொண்டார். போன வருஷம் நான் வெளியூர் போயிருந்தபோது சாவியை எடுத்து ஊரைச் சுற்றியிருக்கிறார். தினமும். ஆயில் பார்க்கும்போது குச்சி கையோடு ஒடிந்துவிட்டதாம். கருவிப்பெட்டியில் வேனின் பழைய குச்சி கிடந்ததாம்.

"குச்சின்னா குச்சிதானேன்னு நெனச்சேன்," என்றார். பிறகு, "மேம்பாலத்துல நல்லா இழுக்கும்." பிறகு, "மச்சானுக்கு மட்டும் எழுதிடாதே."

வர வேண்டாம் என்று இரும்புக்காரருக்கு அவரே போன் செய்துவிட்டார்.

புகாரைத் திரும்பப் பெறுகிறேன். கடிதத்தை அல்ல.

இனி உறையை ஒட்டுகிறேன். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு கீழே போய், அப்பாவைப் பின்சீட்டில் திரும்பி உட்காரவைத்து, புகை பார்க்கச் சொல்லப் போகிறேன்.