மரக்கறியால் குழம்பிய சம்பந்தம்

சிவமயம்

வூப்பர்டால், ஜெர்மனி
செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி

பெருமதிப்புக்கும் அன்புக்கும் உரிய ஸ்ரீஸ்கந்தராஜா அத்தான் அவர்களுக்கு,

கனடாவில் தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் முருகன் அருளால் தேக சுகத்தோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எடுத்த கையோடு வயிறு ஒரு சத்தம் போட்டது. பேனாவை வைத்துவிட்டுப் போய், வந்து, இப்போது இரண்டாம் தரம் எடுத்திருக்கிறேன். ஆகவே என் வயிறு தவிர மற்ற எல்லோரும் சுகம்.

இந்தக் காலத்தில் கடிதம் எழுதுகிறானே என்று யோசிப்பீர்கள். போனில் சொல்லலாம் என்றால் எங்கள் வீட்டுச் சுவர் மெல்லியது, என் மனுசி சுந்தரேஸ்வரியின் காது கூர்மையானது. வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால், போன வருடம் உங்களுக்கென்று எழுதிய என் மூலவியாதி விபரம் எண்பத்துநாலு பேர் இருக்கிற குடும்பக் குழுவுக்குப் போய், அவுஸ்திரேலியாவில் இருந்துகூட வைத்தியம் சொன்னார்களே, மறந்திருக்க மாட்டீர்கள். விஷயம் இதுதான் அத்தான்: மகள் நிருஷாவின் கலியாணப் பேச்சு என் வயிற்றால் குழம்பி நிற்கிறது. பையனின் தகப்பன் தம்பித்துரை வேறு யாருமில்லை, நீங்கள் பெர்லின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கிய காலத்தில் அகதி முகாமில் உங்களோடு ஒரே அறையில் இருந்தவர். நீங்கள் ஒரு சொல் சொன்னால் கேட்பார். அவருக்கு ஒரு போன் எடுக்க வேண்டும். என்ன சொல்ல வேண்டும் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன், இந்த நிலைமை எப்படி வந்தது என்பதை முதலில் கேளுங்கள்.

மாசி மாதம் இரத்தம் சோதித்த டொக்டர் அம்மா, சீனியும் கொழுப்பும் ஏறிவிட்டன என்று சொல்லி ஒரு கடுதாசியை அச்சடித்துத் தந்தார். நாளொன்றுக்கு மூன்று கைப்பிடி மரக்கறி, இரண்டு கைப்பிடி பழம். நான் முப்பத்தொரு வருடம் திருகாணித் தொழிற்சாலையில் நின்றவன், என் கைப்பிடி எவ்வளவு பெரியது என்று அவருக்குத் தெரியாது. சுந்தரேஸ்வரி அந்தக் கடுதாசியைப் பிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். டொக்டர் தந்தது மருந்துதானே, மருந்தைப் போலவே ஒழுங்கு தவறாமல் சாப்பாட்டுக்குப் பின் எடுத்துவருகிறேன். காலையில் புட்டும் சம்பலும், அதற்குப் பின் ஒரு கோப்பை நிறையப் பச்சைக் கரட்டும் அப்பிளும். மத்தியானம் சோறும் கறியும், அதற்குப் பின் சிவப்புக் கோவா, பீற்றூட், செலரிக் கிழங்கு எல்லாம் பச்சையாகத் துருவி. பின்னேரம் ஊறவைத்த உலர்ந்த பிளம்ஸ். இரவு இடியப்பமும் சொதியும், அதற்குப் பின் இரண்டு பேரிக்காய். ஒரு நேரமும் தவறவிட்டதில்லை அத்தான். டொக்டர் சொன்னபடி இவ்வளவு நேர்மையாக நடந்த நோயாளி இந்த ஊரிலேயே இருக்க மாட்டான்.

நாலாம் நாள் தொடங்கியது. முதலில் சத்தம், பிறகு ஊதல், பிறகு ஓட்டம். ஞாயிறு பின்னேரம் கீழ்வீட்டு லிண்ட்னர் அம்மா மேலே ஏறி வந்து, ஓய்வுநாளில் தளபாடம் இழுக்கக் கூடாது என்று மரியாதையாகச் சொன்னார். நான் கதிரையில் இருந்தது இருந்தபடி, வீட்டில் ஒரு முக்காலியும் அசையவில்லை. உண்மையைச் சொன்னதும் மனுசி இரக்கப்பட்டு, தன் கையால் புளிக்கவைத்த கோவா ஒரு பெரிய போத்தல் கொண்டுவந்து தந்தார், வயிற்றுக்கு நல்லதாம். அதையும் சாப்பாட்டுக்குப் பின் சேர்த்துக்கொண்டேன். அடுத்த வெள்ளி கோயிலில் மணி ஓய்ந்து ஐயர் தீபத்தை உயர்த்திய அந்த அமைதியில் என் வயிறு நீளமாக ஒரு சங்கு ஊதியது. ஐயர் திரும்பி மேளகாரரைப் பார்த்தார், மேளகாரர் என்னைப் பார்த்தார். எங்கள் ஊர்த் தொங்கு ரயிலில் எவ்வளவு சனம் நெரிந்தாலும் எனக்குப் பக்கத்து இருக்கை இப்போது எப்போதும் காலி. இதை நிறுத்துவோம் என்றால் சுந்தரேஸ்வரி விடவில்லை. உள்ளே இருக்கிற அழுக்கெல்லாம் போகிறது, உடம்பு பழகும்வரை அப்படித்தான் இருக்கும் என்றாள். இத்தனை கிழமையாகப் போவதற்கு என்னிடம் அவ்வளவு அழுக்கா இருக்கிறது?

இந்தக் கோலத்தில்தான் போன ஞாயிறு மத்தியானம் கிரேஃபெல்டுக்குத் தம்பித்துரை வீட்டுக்குப் போனோம். நிருஷாவும் அவருடைய மகன் பிரவீணனும் படிக்கிற காலத்திலேயே ஒருவரை ஒருவர் விரும்பியவர்கள். பெரியவர்கள் கூடியிருந்து சாப்பிட்டு, சரி என்று ஒரு சொல் சொல்வதுதான் பாக்கி. உங்களுக்குத் தெரியாததில்லை, எங்கள் ஆட்கள் கலியாணம் பேசப் போன வீட்டில் சாப்பிட்டால் சம்மதம், சாப்பிடாமல் எழும்பினால் பிடிக்கவில்லை, அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. காரில் போகும்போது நிருஷா பின்னால் இருந்து, "அப்பா, அங்க ஒண்டையும் குழப்பிப்போடாதேங்கோ, எனக்குப் பிரவீணனை விட்டால் வேற ஆள் வேண்டாம்" என்றாள். இருபத்தொன்பது வயதில் பிள்ளை என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். சரி பிள்ளை என்றேன். வயிறு அப்போதே வேறு பதில் சொன்னது.

மூன்றாம் மாடி. தம்பித்துரை கதவைத் திறந்தார். முகத்தில் மருந்துக்கும் சிரிப்பில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கதிரையின் நுனியில் இருந்தார். பத்து நிமிடத்துக்கு ஒருதரம் போன் வருகிறது என்று எழும்பி உள்ளறைக்குப் போனார், எனக்கு ஒரு மணிச்சத்தமும் கேட்கவில்லை. பெரிய ஆள், எங்களை ஒரு பொருட்டாக எண்ணவில்லை என்று எனக்குள் கோபம் வந்தது. இதற்குள் அவருடைய மனைவி பவளம் மேசையை நிரப்பிவிட்டார். நிருஷா பெருமையாக, அப்பா இப்போது மரக்கறியும் பழமும் விரும்பிச் சாப்பிடுகிறார் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறாள். கோவா வறை, போஞ்சி, பயிற்றங்காய், கடலை, பலாக்கொட்டை, முருங்கையிலை, நடுவில் ஒரு தாம்பாளம் நிறைய அன்னாசியும் முந்திரிகைப்பழமும். "உங்களுக்கெண்டுதான் அண்ணை, ஆட்டிறைச்சிகூடக் காய்ச்சேல்லை" என்றார் பவளம். எனக்கு அழுகை வந்தது.

பிறகு சாப்பிடுகிறேன் என்றேன். தேத்தண்ணியும் பிறகு என்றேன். தண்ணீரும் பிறகு என்றதும் பவளத்தின் முகம் கறுத்தது, சுந்தரேஸ்வரி மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். தம்பித்துரையும் ஒரு பருக்கை தொடவில்லை. திடீரென்று அவர் நிமிர்ந்து, "சரி, இழுக்காமல் கதைச்சு முடிப்பம். உங்கட முடிவு என்ன?" என்று கேட்டார். பூரண சம்மதம் என்ற சொல் என் தொண்டைவரை வந்துவிட்டது. அதைவிட அவசரமான ஒன்று வேறு வாசலில் நின்றது. அவர்கள் வீட்டுக் கழிவறைக் கதவோ பவளத்தின் கதிரைக்கு நேர் பின்னால். முதன்முதல் வந்த சம்பந்தி வீட்டில், பத்துக் காதுகள் கேட்டுக்கொண்டிருக்க, அந்த மெல்லிய கதவுக்குப் பின்னால் போய் இருந்துவிட்டு என்ன முகத்தோடு வெளியே வருவது? காரில் பார்க்கிங் அட்டை வைக்க மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே எழும்பி ஓடினேன். மூன்று மாடி இறங்கி, தெருவைக் கடந்து, முக்கில் இருக்கிற பெற்றோல் நிலையத்தில் ஒருவரும் கொண்டுபோகாமல் ஒரு முழ நீளக் கட்டையில் கட்டியிருந்த கழிவறைப் பூட்டின் திறப்பை வாங்கி, அதற்குப் பிறகு நடந்ததைப் பெரியவராகிய உங்களுக்கு எழுதுவது அழகல்ல.

திரும்பி வர அரை மணித்தியாலம் ஆகிவிட்டது. சுந்தரேஸ்வரியும் நிருஷாவும் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்கள். தம்பித்துரை என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார். அப்போதுதான் கவனித்தேன், அந்தக் கட்டையும் திறப்பும் இன்னும் என் கையிலேயே இருந்தன. முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அவர் அவசரமாகத் தலையை ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்திவிட்டார். எங்கள் மூக்குக்கு நேரே சாத்தினார் அத்தான். காரில் நிருஷா அழுதுகொண்டே வந்தாள், இரண்டு நாளாக என்னோடு கதையில்லை. உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஐந்து பேருக்கு முன்னால் பார்க்கிங் அட்டை என்று சொன்னவன் இனி எந்த வாயால் மாற்றிச் சொல்வது? பிள்ளை சாப்பிடாமல் அறைக்குள் கிடக்கிறாள். அவள் கேட்ட ஒன்றே ஒன்றை நான் கெடுத்துப்போட்டேன்.

ஆகவே நீங்கள் தம்பித்துரைக்குச் சொல்ல வேண்டியது: சோதிலிங்கத்துக்குச் சம்மதம், நூறு தரம் சம்மதம். சாப்பிடாமல் எழும்பியது பிடிக்காமல் அல்ல, குற்றம் முழுக்க முழுக்க மரக்கறியுடையது. வயிறு என்ற சொல்லை மட்டும் பாவிக்காமல், திடீர்ச் சுகவீனம் என்று நாகரிகமாகச் சொல்லுங்கோ. மரக்கறி மனிதருக்கு ஆகாது என்பதை அக்காவைக் கொண்டு சுந்தரேஸ்வரிக்கும் எடுத்துச் சொல்லுவியுங்கோ, அக்கா சொன்னால் அவள் மறுக்க மாட்டாள். இனி ஒரு பச்சை இலை என் கோப்பையில் விழாது என்று முருகன்மேல் ஆணையிட்டு எழுதுகிறேன்.

அக்காவுக்கு என் அன்பும் வணக்கமும், மருமக்களுக்கு என் ஆசியும் உரித்தாகட்டும். உங்கள் வயிற்றுக்கு ஒரு குறையும் வராமல் இருக்க நல்லூரானை வேண்டிக்கொள்ளும்

அன்பு மைத்துனன்,
சோ. சோதிலிங்கம்

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து மீண்டும் எழுதுகிறேன். முத்திரை ஒட்டி முடிய, தம்பித்துரையே போன் எடுத்தார். "அண்ணை, அந்தக் கட்டை உங்களிட்டையோ கிடக்குது?" என்றுதான் தொடங்கினார். ஓம் என்றேன். "உங்கட கையில கண்டவுடன எனக்கு விளங்கீட்டுது. காலமை நடக்கப் போகேக்கை கிழமைக்கு ரெண்டு தரம் நானும் அதை வாங்கிறனான். பெற்றோல் நிலையத்தில இப்ப என்னைத்தான் பிடிச்சுக் கேக்கினம்" என்றார். அவருக்கும் தை மாதம் டொக்டர் இதே மாதிரி ஒரு கடுதாசி கொடுத்திருக்கிறார். அன்றைக்கு அவருக்கு ஒரு போனும் வரவில்லையாம், உள்ளறையில் வயிற்றை அமத்திக்கொண்டு நின்றாராம். கதவை அவசரமாகச் சாத்தியதும் எங்கள்மேல் உள்ள கோபத்தால் அல்ல. வெட்கத்தில் இரண்டு நாள் போன் எடுக்காமல் இருந்திருக்கிறார். கட்டையைக் கொண்டு வாருங்கள், வந்த கையோடு நாளும் குறித்துவிடுவோம் என்றார். நிருஷா இப்போது எனக்குத் தேத்தண்ணி ஊற்றுகிறாள், அழுகையும் சிரிப்புமாக. ஆகவே நீங்கள் போன் எடுக்கத் தேவையில்லை. முத்திரை வீணாகக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கடிதம் வருகிறது.

இன்னுமொன்று. போனை வைக்க முன் தம்பித்துரை, "கோவியாதேங்கோ அண்ணை, அந்தக் கடுதாசியின்ர மற்றப் பக்கம் பாத்தனீங்களோ?" என்று கேட்டார். போய்க் காந்தத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். சோற்றையும் பாண் துண்டையும் பாதியாகக் குறைத்து அதற்குப் பதிலாக இவற்றைச் சாப்பிட வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும் என்று தடித்த எழுத்தில் கிடக்கிறது. முப்பத்தெட்டு வருடமாக இந்த நாட்டில் எத்தனை கடுதாசிக்குக் கையெழுத்து வைத்திருப்பேன், ஒன்றையாவது திருப்பிப் பார்த்ததில்லை. தானும் நேற்றுத்தான் பார்த்ததாகச் சொன்னார். நான் கேட்டேன், "அப்ப நீங்கள் சோத்தைக் குறைக்கப்போறியளோ?" "பவளம் இன்னும் மற்றப் பக்கம் பாக்கேல்லை அண்ணை" என்றார்.

ஆகவே மேலே மரக்கறியைப் பற்றி எழுதிய குற்றச்சாட்டு முழுவதையும் வாபஸ் வாங்குகிறேன். கடுதாசியைப் பழையபடி முன்பக்கம் தெரிய அதே இடத்தில் ஒட்டியாகிவிட்டது. அக்காவுக்கு மட்டும் இந்தக் கடிதத்தைக் காட்டிப்போடாதேங்கோ.